வீட்டு மோட்டாரும் சாட்பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து வீடுகளில் மோட்டார், விளக்கு, ஏ.சி. இவற்றை டெலிகிராம் சாட் வழியாக இயக்கும்படி அமைத்துத் தருகிறேன். போகிற வீட்டில் எல்லாம் அதே கேள்விகள்தான். சிலர் போனில் கேட்கிறார்கள், சிலர் நான் ஏணியில் நிற்கும்போது கீழே இருந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் வைத்திருக்கிறேன். முன்னால் இருப்பவை எளியவை. ஏற்கெனவே போட்டு வைத்து ஏதோ தொல்லையில் இருப்பவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம்.

“இது இன்னாத்துக்குபா? எழுந்து போய் சுவிட்சைப் போட்டா ஆவாதா?”

தாராளமாக ஆகும். வீட்டில் இருக்கும்போது சுவிட்சைவிட வேகமானது எதுவும் இல்லை. போனை எடுத்து, லாக்கைத் திறந்து, சாட்டைத் தேடி, “லைட் ஆஃப்” என்று தட்டுவதற்குள் இரண்டு தடவை போய் அணைத்துவிட்டு வந்துவிடலாம். ஹாலில் இருக்கும் ஒரு விளக்குக்காக மட்டும் கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நாம் வீட்டில் இல்லாதபோது இது உதவும். சுவிட்ச் ஓரிடத்திலும் அது இயக்கும் பொருள் இன்னோர் இடத்திலும் இருக்கும்போது உதவும். ஒரே பொருளைப் பல பேர் பயன்படுத்தும்போது இன்னும் அதிகமாக உதவும். நம் பக்கத்து வீடுகளில் இது எல்லாம் சேர்ந்து வருகிற பொருள் தண்ணீர் மோட்டார்தான். அதனால் கீழே பாதிக்குப் பாதி மோட்டார் பேச்சாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“சாட்பாட்னா என்ன, ரோபோவா? வீட்டுக்குள்ள எதைக் கொண்டுவந்து வைப்பீங்க?”

ரோபோ இல்லை, சாட்டில் நீங்கள் எழுதுவதைப் படித்துப் பதில் தரும் மென்பொருள்தான். வீட்டுக்குள் வருபவை இவை. சுவிட்ச் போர்டுக்குள் உட்காரும் சின்ன வைஃபை ரிலே ஒன்று, அதாவது வைஃபையில் உத்தரவு வந்தால் தானே போட்டு அணைக்கும் சுவிட்ச். வீட்டு மூலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கம்ப்யூட்டர் ஒன்று. ராஸ்பெர்ரி பை வாங்கலாம், திரை உடைந்த பழைய லேப்டாப்பும் போதும். அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். 2013இல் பவுலுஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள் அது, காசு கிடையாது. மற்றபடி உங்கள் போனில் டெலிகிராம் இருந்தால் சரி.

“மோட்டார் போடு” என்று நீங்கள் எழுதினால் அது டெலிகிராம் சர்வருக்குப் போகும். வீட்டுக் கம்ப்யூட்டர் அங்கிருந்து எடுத்துப் படித்து, ரிலேவுக்கு உத்தரவு தரும். ரிலே “போட்டாச்சு” என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்களுக்குப் பதில் வரும். வீட்டுக்குள் நடக்கும் அந்தப் பேச்சு எம்.கியூ.டி.டி. என்ற முறையில் நடக்கிறது. 1999இல் தொலைதூர எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கியது. அரைகுறை இணைப்பிலும் ஓட வேண்டும் என்றே செய்ததால் நம் மொட்டைமாடி சிக்னலுக்கும் தாக்குப்பிடிக்கிறது.

“கம்பெனி ஆப்லயே பட்டன் இருக்கே, அப்புறம் சாட் எதுக்கு?”

ஒரே கம்பெனி சாமானாக, ஒரே ஆள் பயன்படுத்துவதாக இருந்தால் ஆப் போதும். விளக்கு ஒரு கம்பெனி, பிளக் இன்னொன்று என்று ஆனவுடன் ஆப் மூன்றாகும். ஒவ்வொன்றுக்கும் கணக்கு, பாஸ்வேர்டு. வீட்டில் நாலு பேருக்கும் அதைக் கற்றுத் தர வேண்டும். மெசேஜ் அனுப்புவது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, ஆப் பட்டன் ஒரு பக்கப் பேச்சு. சாட்டில் “மோட்டார் எவ்வளவு நேரமா ஓடுது?” என்று கேட்கலாம். அதுவாகவே “20 நிமிடம் ஆகிவிட்டது, நிறுத்தவா?” என்றும் கேட்கும். நடந்தது எல்லாம் நேரத்தோடு அங்கேயே எழுத்தாகக் கிடக்கும்.

“வாட்ஸ்அப்ல வராதா? எங்க வீட்ல டெலிகிராம் யாருமே வச்சுக்கல.”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வரும், ஆனால் வீட்டு அளவுக்குச் சரிப்படாது. வாட்ஸ்அப் வழியாக முறையாகச் செய்ய வேண்டுமானால் அதை நடத்தும் மெட்டா கம்பெனியில் வணிகக் கணக்கு, அதற்கென்று ஒரு நம்பர் எல்லாம் வேண்டும். நீங்கள் கடைசியாக மெசேஜ் அனுப்பி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புரு மெசேஜ் மட்டும்தான் அந்தப் பக்கத்திலிருந்து வர முடியும். டேங்க் வழிகிறது என்று சொல்ல ஒப்புதல் வாங்கிக்கொண்டு உட்கார முடியாது. குறுக்கு வழி மென்பொருள்களும் உண்டு. மாட்டினால் உங்கள் சொந்த நம்பரே முடங்கும் அபாயம் இருக்கிறது. நான் தொடுவதில்லை.

டெலிகிராம் 2015இலேயே பாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதிலேயே பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் பேசினால் சில நிமிடங்களில் உங்கள் வீட்டுக்கு ஒரு சாட்பாட் கணக்குக் கிடைத்துவிடும், இலவசம். வீட்டில் டெலிகிராம் இல்லாதவர்கள் இதற்காக மட்டும் போட்டுக்கொண்டால் போதும். வேறு யாரிடமும் அதில் பேச வேண்டியதில்லை.

“சாமான் எங்க வாங்கறது?”

ரிலே போர்டு, சென்சார், அடாப்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஈ.எஸ்.பி. 8266 அல்லது ஈ.எஸ்.பி. 32 என்ற வைஃபை சிப் உள்ள போர்டாகக் கேளுங்கள். காண்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்), பெட்டி, ஒயர் இவற்றுக்கு எலக்ட்ரிகல் கடைதான் சரி. 230 வோல்ட் போகிற எதையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்காமல் வாங்காதீர்கள்.

“போன்ல வைஃபை சூப்பரா வருது, இந்த டப்பா மட்டும் கனெக்ட் ஆக மாட்டேங்குது.”

உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது. ஈ.எஸ்.பி. 8266க்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டர் அமைப்பில் 2.4க்குத் தனிப் பெயர் வைத்து அதில் சேருங்கள். சுவரையும் தளத்தையும் தாண்டிப் போவதிலும் 2.4தான் மேல். டேங்க் பக்கம் அதுவும் எட்டவில்லை என்றால் மாடிப்படி உச்சியில் ஒரு பழைய ரூட்டரை, வைஃபையை அங்கிருந்து பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்தால் சரியாகிவிடும்.

“ஒரு ஹெச்.பி. மோட்டாரை அந்தத் தம்மாத்துண்டு ரிலே தாங்குமா?”

ரிலே மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய அதில் பாதிதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நேராக மாட்டிவிடுகிறார்கள். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சில வாரத்தில் ரிலேவின் உள் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாட்டில் என்ன எழுதினாலும் மோட்டார் நிற்காது.

ரிலே காண்டாக்டரை இயக்க வேண்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். அதுதான் முறை. பச்சை, சிவப்பு பட்டன் உள்ள சப்மெர்சிபிள் பேனலாக இருந்தால் ஒரு ரிலே பச்சைக்கு, இன்னொன்று சிவப்புக்கு. இந்த வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். வீடியோ பார்த்துச் செய்கிற இடம் இது இல்லை. மழைக்குத் தெருத்தண்ணீர் உள்ளே வரும் வீடு என்றால் பெட்டியை இடுப்புக்கு மேலே ஏற்றி மாட்டச் சொல்லுங்கள்.

“எங்க வீட்ல நாலு குடித்தனம். யார் மோட்டார் போட்டாங்க, யார் நிறுத்தலன்னு தினம் சண்டை. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?”

இதற்காகவே போடலாம். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் ஒரே சம்ப் (தரைக்கடித் தொட்டி), ஒரே மோட்டார், மாடியில் ஒரே டேங்க், கீழே நாலைந்து குடித்தனம் என்பது சாதாரணம். மோட்டாருக்குப் பொது மீட்டர். பில்லைப் பங்கு போடுகிற நாளில் பேச்சு ஏறும். “காலையில அரை மணி ஓட்டினது நீங்கதானே?” “நாங்க ஊர்லயே இல்லையே!”

சாட்பாட்டையும் எல்லாக் குடித்தனத்தாரையும் ஒரு குரூப்பில் போட்டுவிட்டால் கணக்குத் தானாக விழும். “மோட்டார் ஓடுகிறது. போட்டது முதல் மாடி. மணி 6.10.” அப்புறம், “டேங்க் நிரம்பியது, மோட்டார் நின்றது. மணி 6.28.” பில் வரும்போது வீட்டுவாரியாக எத்தனை நிமிடம் என்று கேட்டால் கூட்டிச் சொல்லிவிடும். சண்டை முழுதாக நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், வேறு விஷயத்துக்கு மாறும்.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதலாவது, சுவரில் இருக்கும் பழைய சுவிட்ச் முன்போலவே வேலை செய்ய வேண்டும். போன் இல்லாத பாட்டி தண்ணீருக்காக யாரையும் கெஞ்சக் கூடாது. அந்தச் சுவிட்சைப் போட்டாலும் குரூப்பில் “சுவரில் போட்டார்கள்” என்று வரும்படி செய்யலாம். அடுத்தது, ஹவுஸ் ஓனர் சிலர் அனுமதி தனக்கு மட்டும் போதும் என்பார்கள். தண்ணீர் வருவது விடியற்காலை. அவர் தூங்கிவிட்டால் நாலு வீடும் காலிக் குடத்தோடு நிற்கும். எல்லோருக்கும் கொடுங்கள், கணக்கு மட்டும் வையுங்கள். அவரவர் விளக்கு, ஃபேன் பொதுக் குரூப்புக்கு வரக் கூடாது. யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்பது பக்கத்துப் போர்ஷனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

“டேங்க் ரொம்பிடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

டேங்கில் ஒரு சென்சார் வேண்டும். மிதவை சுவிட்ச் மலிவு, நம்பகம்; நிரம்பியதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டுமானால் மூடியில் அல்ட்ராசானிக் சென்சார் வைக்கலாம். ஆனால் தண்ணீர் அதற்கு ஒரு சாணுக்கும் நெருக்கமாக வந்தால் அளவு தப்பும், எனவே கொஞ்சம் உயர்த்தி மாட்ட வேண்டும். தண்ணீரில் கம்பியை இறக்கி அளக்கும் வகையை நம் பக்கம் தவிர்த்துவிடுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம், கம்பியைத் தின்றுவிடும்.

சம்ப்பிலும் கீழ்மட்டத்தில் ஒரு மிதவை போடுங்கள். மேலே வழிவது செலவு மட்டும்தான். கீழே தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் சீல் போகும், காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) எரியும்.

“மெட்ரோ வாட்டர் வந்துடுச்சான்னு சொல்லுமா?”

சொல்லும். சம்ப்புக்குள் விழும் குழாயில் ஒரு ஃப்ளோ சென்சார் மாட்டினால் போதும். ஒரு சின்னக் குறும்பு உண்டு. குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும், அதற்கும் சென்சார் சக்கரம் சுற்றும். எல்லோரும் எழுந்து குடத்தோடு ஓடிவந்து பார்த்தால் வெறும் “புஸ்” சத்தம்தான் வரும். அரை நிமிடம் தொடர்ந்து சுற்றினால் மட்டும் மெசேஜ் அனுப்பு என்று விதி வைத்துவிடுங்கள்.

மெட்ரோ வாட்டர் வாரியக் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி, தண்ணீர் வந்ததும் தானாக உறிஞ்சும்படி செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அது விதிப்படி கூடாது, தெருக்கோடி வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. செய்து தருவதில்லை.

“அம்மாவுக்கு டைப் பண்ண வராது. என்ன பண்றது?”

பட்டன் வையுங்கள். டெலிகிராமில் எழுதும் இடத்துக்குக் கீழே பெரிய பட்டன்கள் தமிழில் காட்டலாம்: “மோட்டார் போடு”, “மோட்டார் நிறுத்து”, “டேங்க் எவ்வளவு?” மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். பத்துப் பட்டன் வைத்த வீடுகளில் அம்மாக்கள் ஒன்றையும் தொடுவதில்லை.

பேசத்தான் பிடிக்கும் என்றால் கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். கூகுள் கீபோர்டில் 2017 முதல் தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. பேச்சு எழுத்தாக மாறிய பிறகே அனுப்பப்படுவதால், தப்பாகக் கேட்டிருந்தால் அனுப்பும் முன் கண்ணில் படும். வாய்ஸ் மெசேஜை அப்படியே அனுப்பி வீட்டுக் கம்ப்யூட்டரை எழுத்தாக்கச் சொல்வதும் முடியும். பின்னால் டி.வி. ஓடினால் என்ன கேட்டுக்கொள்ளும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

“நாங்க இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிப்போம். புரியுமா?”

கற்றுக் கொடுத்தால் புரியும். ஒவ்வொரு உத்தரவுக்கும் உங்கள் வீட்டில் என்னென்ன சொல்வார்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். போடு, போடுங்க, ஆன் பண்ணு, ஓட்டு எல்லாம் ஒன்று. நிறுத்து, ஆஃப் பண்ணு, அணை, போதும் எல்லாம் ஒன்று. ஆங்கில எழுத்தில் ஒருவர் “போடு”வுக்கு ஒரு “ஓ” போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான். வீட்டில் பேசும் உத்தரவுகள் ரொம்பக் குறைவு என்பதால் இந்தப் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும்.

“போடாதே”யைத் தனியாகச் சோதியுங்கள். “போடு” என்ற முழுச் சொல்லைப் பார்க்காமல் அதன் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் பட்டியல், “மோட்டார் போடாதீங்க” என்று யாரோ குரூப்பில் எழுதியதும் மோட்டாரைப் போட்டுவிடும்.

“எதுக்குப் பட்டியல் எல்லாம்? சாட்ஜிபிடி மாதிரி ஒண்ண வச்சுட்டா தானா புரிஞ்சுக்காதா?”

புரிந்துகொள்ளும், அதில் அது கெட்டிதான். “வெளிய கிளம்பறோம், எல்லாத்தையும் பாத்துக்கோ” என்றாலும் ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்ளும். ஹோம் அசிஸ்டன்டிலேயே 2024 முதல் இப்படிப்பட்ட ஏ.ஐ. மாடல்களுக்கு வீட்டுச் சாமான்களை இயக்கும் உரிமை கொடுக்க முடிகிறது. எந்தெந்தச் சாமான் அதன் கண்ணுக்குத் தெரியலாம் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். குறைவாகக் காட்டுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாடல்கள் வாக்கியம் எழுதுவதில் சமர்த்து. மோட்டாரை நிறுத்தும் உத்தரவையே அனுப்பாமல் “மோட்டாரை நிறுத்திவிட்டேன், கவலைப்பட வேண்டாம்” என்று பணிவாக எழுதிவிடக்கூடும். ஆகவே உங்கள் பேச்சை உத்தரவாக மாற்றும் வேலையை மட்டும் ஏ.ஐ.க்குக் கொடுங்கள். “நின்றது” என்ற பதில் ரிலே சொன்ன நிலையிலிருந்தோ, அதைவிட நல்லது, மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தோ வர வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

செலவும் உண்டு. நீங்கள் எழுதுவது ஏ.ஐ. கம்பெனியின் சர்வருக்குப் போகும், அளவுக்கேற்பக் காசு. ஒரே விஷயத்தைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக எண்ணப்படும், அதற்கேற்பக் கட்டணமும். வீட்டிலேயே மாடலை ஓட்டலாம், ஆனால் ராஸ்பெர்ரி பையில் ஓட்டினால் பதில் வருவதற்குள் நீங்களே நடந்து போய்விடுவீர்கள். நான் போட்டுத் தருவது கலப்பு முறை. முதலில் முந்தைய பதிலில் சொன்ன பட்டியல், அதில் சிக்காதது மட்டும் ஏ.ஐ.க்கு. ஹோம் அசிஸ்டன்டில் இதற்கு அமைப்பே இருக்கிறது.

“கரண்ட் போனா? நெட் போனா?”

நெட் மட்டும் போனால் வெளியிலிருந்து பேச முடியாது. வீட்டுக்குள் ரிலே, சென்சார், கம்ப்யூட்டர் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும், டேங்க் நிரம்பினால் மோட்டார் நிற்கும். கரண்ட் போனால் மோட்டாரே ஓடாது. ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் இன்வெர்ட்டரில் போட்டால் “கரண்ட் போச்சு” என்ற செய்தியாவது உங்களுக்கு வந்து சேரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல கரண்டும் போன் டவரும் சேர்ந்து போகிற நாளில் சாட்பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவர் சுவிட்ச் ஏன் முக்கியம் என்று அன்றைக்குப் புரியும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் நடுவில் தொங்கிப்போனால்? அதற்காக, நிறுத்தும் பொறுப்பின் கடைசிப் பகுதியை ரிலேவுக்குள்ளேயே வையுங்கள். டாஸ்மோட்டா என்ற மென்பொருள் போட்ட ரிலேயில் பல்ஸ்டைம் 1300 என்று கொடுத்தால் 1200 விநாடி, அதாவது 20 நிமிடத்தில் யார் சொல்லாவிட்டாலும் அது தானே அணைந்துவிடும். விநாடியோடு 100 கூட்டி எழுத வேண்டும், அதில்தான் பலர் குழம்புகிறார்கள். உங்கள் டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து, கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் தானா ஓடிச்சு. யாரும் போடல. பேயா?”

பேய் இல்லை, பழைய மெசேஜ். சாட்பாட் இணைப்பில் இல்லாதபோது வந்த மெசேஜ்களை டெலிகிராம் 24 மணி நேரம் வரை பத்திரமாக வைத்திருக்கும். மாலையில் நெட் இல்லாதபோது யாரோ “மோட்டார் போடு” என்று அனுப்பியிருப்பார். பதில் வரவில்லை என்று கீழே போய் சுவரில் போட்டு, நிறுத்தி, சாப்பிட்டுத் தூங்கியும் இருப்பார். இரண்டு மணிக்கு நெட் வந்ததும் சாட்பாட் அந்த உத்தரவை எடுத்து ஒழுங்காக நிறைவேற்றும். மெசேஜில் அனுப்பிய நேரம் இருக்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செய்யாமல், “இது பழைய உத்தரவு, இப்போது வேண்டுமா?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதுவும் இல்லை என்றால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். எம்.கியூ.டி.டி.யில் உத்தரவை “தக்கவை” என்ற குறியோடு அனுப்பியிருந்தால், ரிலே ஒவ்வொரு முறை மறுபடி இணையும்போதும் அதே உத்தரவு அதற்குப் போகும். நிலையைத் தக்கவைக்கலாம், உத்தரவைத் தக்கவைக்கவே கூடாது. அடுத்து, கரண்ட் திரும்பும்போது ரிலே எந்த நிலைக்கு வர வேண்டும் என்ற அமைப்பு. டாஸ்மோட்டாவில் பவர்ஆன்ஸ்டேட் 0 என்று வைத்தால் எப்போதும் அணைந்த நிலையில் எழும். மோட்டாருக்கு அதுதான் சரி.

“யாராவது வெளியாள் என் வீட்டு சாட்பாட்டுக்கு மெசேஜ் அனுப்பி லைட்டை அணைச்சுட முடியுமா?”

சாட்பாட்டின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து யார் வேண்டுமானாலும் மெசேஜ் அனுப்பலாம். அதைத் தடுக்க முடியாது. அனுப்பினவர் எண் அனுமதிப் பட்டியலில் இருந்தால் மட்டும் கேள் என்று வைப்பதுதான் பாதுகாப்பு. இங்கே எண் என்றால் போன் நம்பர் இல்லை, டெலிகிராம் ஒவ்வொரு கணக்குக்கும் கொடுக்கும் அடையாள எண். மற்றவர்களுக்கு “முடியாது” என்றுகூடப் பதில் தேவையில்லை, சும்மா இருக்கட்டும்.

பாட்ஃபாதர் கொடுக்கும் டோக்கன் என்ற நீளமான எழுத்து வரிசை வீட்டுச் சாவி மாதிரி. உதவி கேட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் பாட்ஃபாதரிடமே பழையதை ரத்து செய்து புதியது வாங்கலாம். ரூட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து எதையும் திறக்காதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்தான் டெலிகிராமிடம் போய் “ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேட்கிறது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை. பாட் சாட்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை இல்லை, அதாவது நடுவில் டெலிகிராம் சர்வரில் படிக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

“போன் திருடு போயிடுச்சு, இப்ப என்ன பண்ண?”

வீட்டில் வேறு யாராவது அந்தக் கணக்கின் எண்ணை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் உடனே அடைபடும். அப்புறம் புதுப் போனில் நுழைந்து பழைய இணைப்பை வெளியேற்றுங்கள். இரண்டடுக்குப் பாஸ்வேர்டு இன்றைக்கே வைத்துவிடுங்கள்.

“ஏ.சி. ஆஃப் ஆச்சுன்னு சொல்லுது, போய்ப் பார்த்தா ஓடிக்கிட்டே இருக்கு.”

ஏ.சி.யை ரிமோட் போலவே அகச்சிவப்பு ஒளியால் இயக்குகிறோம். அது ஒருவழிப் பாதை. சமிக்ஞை போனது தெரியும், ஏ.சி. வாங்கிக்கொண்டதா என்று தெரியாது. நடுவில் திரைச்சீலை பறந்தாலே போதும். ஏ.சி. லைனில் கரண்ட் அளக்கும் சென்சாரை வைத்து, இழுப்பு குறைந்த பிறகு “நின்றது” என்று சொல்லச் செய்யுங்கள். ஏ.ஐ. பதிலில் சொன்ன விதிதான் இதற்கும்.

“ஈ.பி. யூனிட் எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா சொல்லுமா?”

சொல்லும். மெயின் ஒயரைச் சுற்றி மாட்டும் வளையத்தோடு 100 ஆம்பியர் வரை அளக்கும் பி.இசட்.இ.எம். 004டி போன்ற ஒரு போர்டு போதும். ஈ.பி. மீட்டரைத் தொடவே கூடாது, இது உங்கள் போர்டுக்குள் இருப்பது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் விதமே மாறிவிடும் என்பதால், 450 வந்ததும் குரூப்பில் சொல்லச் செய்து வைப்பது பலருக்குப் பிடித்திருக்கிறது. ரீடிங் எடுத்த தேதியில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். ஈ.பி. ரீடிங்கோடு ஒன்றிரண்டு யூனிட் வித்தியாசம் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம்.

“வாசக்கதவு பூட்டு, கேஸ் எல்லாத்தையும் சேர்த்துடலாமா?”

கேஸை இயக்கும் எதையும் சேர்க்காதீர்கள். கசிவு சென்சார் வைத்து எச்சரிக்கை மட்டும் வாங்கலாம். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்பது நல்லது. திறக்கும் அதிகாரம் சாட்டுக்கு வேண்டாம். கையில் கிடைத்த போனை வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். மோட்டார் என்றால் 20 நிமிடத்தில் நின்றுவிடும், கதவு அப்படியா?

“குரூப்ல ஒழுங்கா பதில் சொல்லிக்கிட்டு இருந்தது, திடீர்னு வாயே தொறக்க மாட்டேங்குது.”

இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, குரூப் வளர்ந்தோ அமைப்பு மாறியோ டெலிகிராம் அதை சூப்பர்குரூப் என்ற வேறு வகைக் குரூப் ஆக்கியிருக்கும். அப்போது குரூப்பின் எண் மாறிவிடும். உங்கள் அனுமதிப் பட்டியலில் இருப்பது பழைய எண். -100 என்று தொடங்கும் புது எண்ணைப் போட்டால் பேசும்.

இன்னொன்று தனியுரிமை நிலை. குரூப்பில் இருக்கும் பாட்களுக்கு வழக்கமாகச் சாய்கோட்டில் (/) தொடங்கும் கட்டளையும், தன் மெசேஜுக்குப் பதிலாக எழுதியதும்தான் தெரியும். சாதாரணமாக “மோட்டார் போடு” என்றால் அதன் காதில் விழாது. பாட்ஃபாதரிடம் இதை மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு பாட்டைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள்.

“காசிமேட்டுல கடலுக்குப் பக்கத்துல வீடு. இதெல்லாம் தாங்குமா?”

உப்புக்காற்று சர்க்யூட் போர்டின் ஈயப் பற்றுகளை அரித்துவிடும். ரப்பர் விளிம்பு உள்ள மூடிய பெட்டி, போர்டின் மேல் பூசும் காப்புப் பூச்சு, ஒயர் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் மூன்றும் வேண்டும். ஒயர் பெட்டிக்குக் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளுக்கும் இதுவே.

“நாங்க வாடகை வீடு. காலி பண்ணும்போது என்ன ஆவும்?”

ரிலேவைக் கழற்றிவிட்டுப் பழைய ஒயரைச் சுவிட்சில் சேர்த்தால் வீடு முன்போல் ஆகிவிடும். சாமான் உங்களோடு வரும். கழற்றும் முன் ஒயர் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் நாளில் பேச்சு குறையும்.

மோட்டார் பெட்டி பொதுவானது என்றால் அங்கேயே விட்டுவிட்டு உங்கள் எண்ணை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சாட்பாட் கணக்கு உங்கள் பெயரில் உருவாக்கியதாக இருந்தால் பாட்ஃபாதரில் அதை ஓனர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, டோக்கனைப் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் மாதவரத்தில் புது வீட்டுக்குக் குடிபோன பிறகும் பழைய வீட்டு டேங்க் நிரம்பிய செய்தி விடியற்காலை 5 மணிக்கு உங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.